ஓடிபி வந்துச்சா?

மாதத்தின் கடைசி வாரத்தில் சித்தூர் பக்கம் எந்த நெட் சென்டருக்குள் நுழைந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். திருமலையில் மூன்று மாதம் கழித்து வரப்போகும் நாட்களுக்கான 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டைத் தேவஸ்தானம் இணையத்தில் திறந்துவிடுகிற வாரம் அது. கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரப் பையன், பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரியவர். தரிசனம் பெரியவருக்கு. கொடுத்திருக்கும் மொபைல் நம்பரோ பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மகனுக்குப் போன் போகிறது. "டேய், ஓடிபி வந்துச்சாடா?" அவன் எண்ணைச் சொல்ல, பெரியவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, பையன் தட்ட, பக்கம் திறக்கிறது. ஒரு லாகின், அதற்கு மூன்று பேர், இரண்டு ஊர். அடுத்த ஸ்டூலில் இருப்பவர் இதையே தெலுங்கில் கேட்டுக்கொண்டிருப்பார்: "ஓடிபி வச்சிந்தா?"

இப்படி வருகிற எஸ்எம்எஸ்களில் பெரும்பாலானவற்றின் கடைசி வரி, இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறது. அதுவும் ஆங்கிலத்தில்.

பிழைப்புக்கு லாகின் பக்கங்கள் எழுதுகிறவன் நான். ஊருக்கு வரும்போதெல்லாம் "இந்த ஓடிபி எப்படிப்பா வேலை செய்யுது? பாதுகாப்புதானா?" என்று யாராவது கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொன்னால் பாதி பொய்யாகிவிடும். அதனால் இந்த நீளப் பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பாஸ்வேர்டு ஏன் கழன்றது

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் நுழைகிற தளத்துக்கு ஒருவர் பாஸ்வேர்டு வைக்கிறார். அடுத்த முறை வரும்போது அது நினைவில் இருக்காது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்பதை அழுத்துவார். உடனே மெயிலுக்கு ஒரு லிங்க் அல்லது போனுக்கு ஒரு எண் வரும். அதை வைத்துப் புதுப் பாஸ்வேர்டு போட்டு, அதையும் மறப்பார்.

யோசித்துப் பாருங்கள். பாஸ்வேர்டு இருந்த காலத்திலேயே கணக்கைத் திறக்கும் அதிகாரம் உண்மையில் மெயிலிடமும் போனிடமும்தான் இருந்திருக்கிறது. மறந்தவர்களுக்கென்று வைத்த வழியையே எல்லோருக்குமான வழியாக்கிவிட்டால் பாஸ்வேர்டு என்று ஒன்றே தேவையில்லை. மெயிலில் போனால் அது மேஜிக் லிங்க், போனில் போனால் ஓடிபி. மீடியம் தளம் 2015இல் பாஸ்வேர்டே இல்லாமல் மெயிலால் நுழையும் முறையைக் கொண்டுவந்தது. மேஜிக் லிங்க் என்ற பெயரை அலுவலகங்களில் பரப்பியதில் அலுவலக அரட்டை ஆப்பான ஸ்லாக்குக்குப் பங்குண்டு.

நம் நாடு லிங்க் பக்கம் போகாமல் எண் பக்கம் சாய்ந்ததற்கு ரிசர்வ் வங்கி ஒரு காரணம். கார்டில் அச்சிட்டிருக்கும் விவரங்களை மட்டும் வைத்து ஆன்லைனில் பணம் எடுக்க விடக்கூடாது, அட்டையில் இல்லாத இன்னொரு சோதனையும் வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் முதல் அது கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அதற்கும் தனிப் பாஸ்வேர்டு வைத்துப் பார்த்தார்கள். போகப்போக எஸ்எம்எஸ் எண்ணே நிலைத்தது. வங்கி பழக்கிவிட்டதை கேஸ் புக்கிங்கும் ஆதாரும் கோவிலும் எடுத்துக்கொண்டன. இன்னொரு காரணம் எளிமையானது. நம் ஆட்களிடம் மெயில் ஐடி இருக்கிறதோ இல்லையோ, மொபைல் நம்பர் இருக்கிறது.

அந்த ஆறு எண் எங்கே பிறக்கிறது

ஓடிபி உங்கள் போனில் உருவாவதில்லை. நீங்கள் நம்பரைப் போட்டு அழுத்தியதும் தளத்தின் சர்வர் ஒரு ஆறு இலக்க எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. இந்தக் குலுக்கலுக்கு என்றே உள்ள, அடுத்தது என்ன என்று ஊகிக்க முடியாத முறையில் எடுக்க வேண்டும். நேரத்தையோ வரிசை எண்ணையோ வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தால் திருடனும் அதே கணக்கைப் போடுவான்.

பிறகு சர்வர் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்கிறது: இந்த மொபைல் நம்பர், இந்த எண், இத்தனை மணிக்குக் காலாவதி, இதுவரை எத்தனை தவறான முயற்சி. ஒழுங்காக எழுதுகிறவர்கள் அந்த எண்ணை அப்படியே எழுதுவதில்லை; ஹாஷ் என்ற சிதைத்த வடிவில் வைப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆறு இலக்கம் என்றால் மொத்தமே பத்து லட்சம் சாத்தியங்கள்தான். பத்து லட்சத்தையும் சிதைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். அதனால் சர்வரிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சாவியைச் சேர்த்துச் சிதைக்க வேண்டும்.

நீங்கள் எண்ணைத் தட்டுகிறீர்கள். பொருந்தினால் சீட்டு கிழிக்கப்படுகிறது. அதே எண் இரண்டாம் முறை செல்லாது. பதிலுக்கு உங்கள் பிரவுசருக்கு ஒரு குக்கி கொடுக்கப்படுகிறது. அடுத்தடுத்த பக்கங்களில் நீங்கள்தான் என்று தளம் அடையாளம் காண்பது அந்தக் குக்கியால். ஆகவே நெட் சென்டரில் வேலை முடிந்ததும் "லாக் அவுட்" அழுத்தாமல் எழுந்து வந்தால், எண் செத்துப்போனாலும் குக்கி உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஓடிபியைப் பத்திரமாக வைத்துக்கொண்டவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள்.

எல்லோரும் எரிச்சலடையும் இடம் ஒன்று உண்டு. எண் வரத் தாமதமாகிறது, "மறுபடி அனுப்பு" அழுத்துகிறோம். இப்போது பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதலில் கண்ணில் பட்டதைத் தட்டினால் "தவறான ஓடிபி". பல தளங்களில் புது எண் பிறந்த கணமே பழையது செத்துவிடும் என்பதால் வருகிற வினை இது. காலாவதிக்குள் மறுபடி கேட்டால் அதே எண்ணையே திரும்ப அனுப்புவது ஒரு நல்ல வழி. லாகின் பக்கம் எழுதுகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து லட்சம் பெரிய எண்ணா?

மனிதனுக்குப் பெரியது, கம்ப்யூட்டருக்குச் சின்னது. நொடிக்கு நூறு எண் வீதம் முயன்றால் பத்து லட்சத்தையும் 2 மணி 46 நிமிடத்தில் முடித்துவிடலாம். எண் பத்து நிமிடத்தில் காலாவதியாகிறது என்றால் அதற்குள் 60,000 முயற்சி. நூறில் ஆறு வாய்ப்பு. மூன்று தவறுக்கு மேல் விடமாட்டேன் என்று சர்வர் சொல்லிவிட்டால் வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்றாகச் சுருங்குகிறது. ஆக, ஓடிபியின் பலம் அந்த ஆறு இலக்கத்தில் இல்லை. "இத்தனை தடவைக்கு மேல் கேட்காதே" என்று கதவை மூடும் கண்டிப்பில் இருக்கிறது.

அந்தக் கண்டிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் நம்ம ஊர்க்காரர். சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமின் பாஸ்வேர்டு மீட்பு முறையைச் சோதித்தார். அங்கேயும் ஆறு இலக்க எண், பத்து நிமிட ஆயுள். ஆயிரம் முயற்சிகளை அனுப்பிப் பார்த்தபோது சுமார் 250 உள்ளே போயின, மிச்சத்தை இன்ஸ்டாகிராம் தடுத்தது. தடை இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் தனித்தனியாக இருக்கிறது. பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயற்சிகளைக் கொட்டினால்? ஆயிரம் முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். பத்து லட்சத்தையும் முடிக்க ஐயாயிரம் முகவரிகள் போதும், கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் 150 டாலர் அளவில் வேலை முடியும் என்று கணக்குச் சொன்னார். ஃபேஸ்புக் ஓட்டையை அடைத்துவிட்டு அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது. 2021இல் மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் ஏழு இலக்க எண்ணிலும் இதே வகை ஓட்டையைக் காட்டி 50,000 டாலர் பெற்றார்.

ஆகவே முயற்சிகளை எண்ணும்போது வருகிறவனின் முகவரியை வைத்து மட்டும் எண்ணாதே, தாக்கப்படும் கணக்கை வைத்தும் எண்ணு. இது அவரிடமிருந்து எங்கள் தொழில் கற்ற பாடம்.

எஸ்எம்எஸ் வருகிற வழி

சர்வரிலிருந்து உங்கள் போனுக்கு எண் நேராகப் பறந்து வருவதில்லை. தளம் அதை எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு இடைநிலை நிறுவனத்திடம் கொடுக்கிறது. அது தொலைபேசி நிறுவனத்திடம் கொடுக்கிறது. அங்கே இந்தியாவுக்கே உரிய ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் வாசக அச்சையும் டிஎல்டி என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அச்சோடு பொருந்தாத செய்தியைச் சாவடி நிறுத்திவிடும்.

இந்தச் சோதனையை 2021 மார்ச் 8ஆம் தேதி கறாராக இயக்கினார்கள். நிறைய நிறுவனங்கள் வாசகங்களைச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. விளைவு, வங்கிப் பரிவர்த்தனை, ஆதார், கோவின் தடுப்பூசிப் பதிவு என்று நாடு முழுக்க ஓடிபிகள் வராமல் முடங்கின. மறுநாளே டிராய் சோதனையை ஒரு வாரத்துக்குத் தள்ளிவைத்தது. நம் அன்றாடம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அந்த இரண்டு நாளில் தெரிந்தது.

சாவடியால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. ஒழுங்கான செய்தி பத்து இலக்க நம்பரிலிருந்து வராது. ஆங்கில எழுத்துகளால் ஆன தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் தலைப்பின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது: 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து "உங்கள் வங்கி" என்று சொல்லிக்கொண்டு வந்தால் சந்தேகப்படலாம்.

சில செய்திகளின் வாலில் அர்த்தமில்லாத பதினோரு எழுத்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குப்பை என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் எந்த ஆப்புக்கு இந்தச் செய்தி என்று காட்டும் முத்திரை அது. அதைப் பார்த்துத்தான் அந்த ஆப் தானாகவே எண்ணை எடுத்து நிரப்பிக்கொள்கிறது, மற்ற எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி கேட்காமலே.

மேஜிக் லிங்க்கில் மேஜிக் என்ன

முக்கால்வாசி அதே கதைதான். சர்வர் ஒரு எண்ணைக் குலுக்குகிறது, சீட்டு எழுதுகிறது, காலாவதி வைக்கிறது. ஆனால் மனிதன் தட்டத் தேவையில்லாததால் எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். வழக்கமாக வைக்கும் 128 பிட் எண்ணை நம் கணக்கில் எழுதினால் 39 இலக்கம் வரை போகும். அதை லிங்க்கின் வாலில் ஒட்டி மெயிலில் அனுப்புகிறார்கள். ஊகித்துக் கண்டுபிடிப்பது என்ற பேச்சே கிடையாது. முத்தையா செய்த வித்தை இங்கே செல்லாது.

இதன் வம்புகள் வேறு. அலுவலக மெயில் அமைப்புகள் சில, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, மெயிலில் உள்ள லிங்க்குகளைத் தாங்களே முதலில் திறந்து பார்க்கும். ஒருமுறைதான் செல்லும் என்ற லிங்க்கை அந்த ரோபோ திறந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மனிதர் வந்து அழுத்தினால் "இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது". இதைத் தவிர்க்கத்தான் சில தளங்கள் லிங்க் திறந்ததும் "நுழைய இங்கே அழுத்துங்கள்" என்று இன்னொரு பட்டனைக் காட்டுகின்றன. ரோபோ பெரும்பாலும் பட்டனை அழுத்தாது.

அடுத்த வம்பு நெட் சென்டரில் வருகிறது. லாகின் தேவைப்படுவது கடையின் கம்ப்யூட்டரில். மெயில் இருப்பது மகனின் போனில். அவன் லிங்க்கை அழுத்தினால் பெங்களூரில் அவன் போனில் கணக்கு திறக்கும், சித்தூரில் பெரியவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார். 39 இலக்கத்தைப் போனில் சொல்லவும் முடியாது.

சரி, போனில் லிங்க்கை அழுத்தினால் காத்திருக்கும் கம்ப்யூட்டரில் திறக்கும்படி செய்தால் என்ன? செய்யலாம், சில தளங்கள் செய்திருக்கின்றன. அப்போது காத்திருக்கும் கம்ப்யூட்டர் யாருடையது என்ற கேள்வி வருகிறது. சித்தூர் கடையுடையதாக இருக்கலாம். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து உங்கள் மெயில் ஐடியைப் போட்டுவிட்டு, நீங்கள் அழுத்தும் கணத்துக்காகக் காத்திருக்கும் திருடனுடையதாகவும் இருக்கலாம். சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையில் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதைத்தான். உதவிக்கு வருகிறவனையும் திருட வருகிறவனையும் இந்த முறைகள் எதுவும் வேறு வேறாகப் பார்ப்பதில்லை. இருவரும் உரிமையாளர் சொன்ன எண்ணோடுதான் வருகிறார்கள்.

போன் ஒருவரிடம், ஆள் வேறிடம்

கோவில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் கொடுத்தால் செருப்பைத் தருவார்கள். காலைப் பார்த்து யாருடையது என்று விசாரிக்க மாட்டார்கள். ஓடிபியும் அப்படித்தான். "இந்த நிமிடம் இந்த நம்பருக்கு வரும் செய்தி உன் கைக்கு எட்டுமா?" என்ற ஒரே கேள்வியை அது கேட்கிறது. "நீ யார்?" என்று கேட்பதே இல்லை. ஆள் யார் என்ற கேள்வி திருமலையில் கேட்கப்படுவது தரிசன வரிசையில், டிக்கெட் எடுத்தபோது கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் காட்டச் சொல்லும்போது.

ஒரு ஆளுக்கு ஒரு போன், போன் எப்போதும் ஆளிடமே என்று நினைத்துக்கொண்டவர்கள் வரைந்த படம் இது. இந்தப் பக்கத்து வாழ்க்கை அந்தப் படத்துக்குள் அடங்காது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் மகன் வேலைக்குப் போகும்போது அவனோடு போகிறது. வேலூரில் ஆஸ்பத்திரி, சித்தூரில் வீடு, திருப்பதியில் காலேஜ் என்று இரண்டு மாநிலத்துக்கும் இடையில் நடமாடுகிறவர்களிடம் இரண்டு மூன்று சிம். எது எங்கே பதிவாகியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. திருமலைக் கோவிலுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்பதால் வரிசையில் நுழையும் முன் போனை டெபாசிட் செய்ய வேண்டும். கூட்ட நாளில் பல மணி நேரம் ஆள் வரிசையில், போன் கவுன்டரில். அந்த நேரத்தில் ஓடிபியின் கண்ணுக்கு அவர் ஆளே இல்லை.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் இன்னொரு விஷயம். முடக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுப்பதில்லை. அதன் பிறகு அது புது ஆளுக்குப் போகலாம். பழைய நம்பரை வங்கியிலும் ஆதாரிலும் மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் ஓடிபி ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் போனில் ஒலிக்கும். சிம்மைத் திருடாமல் சிம்மைப் பறிக்கும் வித்தையும் உண்டு: பொய் ஆவணம் காட்டி உங்கள் நம்பருக்கு மாற்று சிம் வாங்குவது. அதனால்தான் மாற்று சிம் போட்டதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஸ்டார் 401 என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தட்டச் சொல்லி, உங்கள் அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பிவிட்டு, குரலில் வரும் ஓடிபியைக் கேட்டுக்கொள்ளும் மோசடியும் நடந்தது. அந்த வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னார்கள்.

இவை எதுவும் தேவையில்லாத சுலபமான வழி, போலித் தளம். 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் புகார் கொடுத்து வழக்குப் பதிவான போலித் தளம் அதற்கு 41ஆவது. அப்போதைய அசல் முகவரி திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன். போலி முகவரியில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடுகள், கடைசியில் இன்னுக்குப் பதிலாக ஆர்க். அவசரத்தில் தேடுகிற கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

இப்படிப்பட்ட தளத்தில் ஓடிபி காப்பாற்றாதா? காப்பாற்றாது. எந்தத் தளத்தின் பெயரிலும் இதைச் செய்ய முடியும். நீங்கள் போலிப் பக்கத்தில் நம்பரைப் போடுகிறீர்கள். பின்னால் இருப்பவன் அதே நொடியில் அதை அசல் தளத்தில் போடுகிறான். அசல் தளம் உங்களுக்கு அசல் ஓடிபி அனுப்புகிறது. தலைப்பு சரி, வாலில் 'டி' சரி, எல்லாம் சரி. அதை நீங்கள் போலிப் பக்கத்தில் தட்டுகிறீர்கள், அவன் அசலில் தட்டுகிறான். நீங்கள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டீர்கள்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற ஆப்களில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணும் இதிலிருந்து தப்பாது. அங்கே எஸ்எம்எஸ் கிடையாது. முதல் நாள் க்யூஆர் கோடு வழியாகப் பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் கலந்து, போனும் சர்வரும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றன. டவர் இல்லாத மலைப்பாதையிலும் வேலை செய்யும், சிம் திருட்டுக்கும் அசையாது. ஆனால் அதுவும் கண்ணால் பார்த்துக் கையால் தட்டும் எண். தட்ட முடிந்ததைத் தவறான இடத்திலும் தட்ட முடியும்.

பாஸ்கீ வந்தால் தீருமா

போலித் தளத்தை உண்மையிலேயே தோற்கடிப்பது பாஸ்கீ. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதற்கு ஆதரவு அறிவித்தன. உங்கள் போனுக்குள் ஒரு ரகசியச் சாவி உருவாகிறது. அது எந்தத் தளத்துக்கு உருவானதோ அந்த முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. புள்ளிக்கும் சிறு கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தப்பலாம், பிரவுசருக்குத் தப்பாது. போலித் தளம் கேட்டால் சாவி அசையாது. விரல் ரேகையோ முகமோ காட்டினால் போதும், சொல்லவும் எதுவுமில்லை, தட்டவும் எதுவுமில்லை. ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று தேதி வைத்த விதிகளில், எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றே வழியல்ல, வேறு முறைகளையும் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது.

தொழில்காரனாக எனக்குச் சந்தோஷம். சித்தூர்க்காரனாகக் கொஞ்சம் கவலை. சொல்ல முடியாத சாவி வந்துவிட்டால் அந்தப் பெரியவர் என்ன செய்வார்? மகனின் விரல் பெங்களூரில் இருக்கிறது. ஓடிபி ஓட்டை நிறைந்ததுதான். ஆனால் படிக்கத் தெரியாத, போன் இல்லாத, தனியாகச் செய்யத் தெரியாத லட்சக்கணக்கானவர்களை இணையத்துக்குள் கூட்டிவந்தது அந்த ஓட்டைதான். அதை அடைப்பதற்கு முன் அந்த வழியாக யார் யார் வந்துபோகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இன்னொருவர் உதவியோடு வேலை முடிக்கும் முறைக்கு மாதிரியைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. அரசுச் சேவைகளைக் கவுன்டரில் தரும் மீசேவா 2011 நவம்பரில் தொடங்கியது பிரிக்கப்படாத இதே சித்தூர் மாவட்டத்தில்தான். அங்கே சாதிச் சான்றிதழோ அடங்கலோ கேட்டுப் போனால் கவுன்டரில் இருப்பவர் தன் சொந்த லாகினில் நுழைகிறார். விண்ணப்பம் உங்கள் பெயரில் போகிறது. உதவி செய்தவர் யார் என்று பதிவில் இருக்கும். தப்பு நடந்தால் கேட்க ஒரு ஆள் உண்டு. உதவுகிறவர் உங்களைப் போல வேடம் போட வேண்டியதில்லை.

நெட் சென்டர் பையன் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அந்த வேடத்தைத்தான் போடுகிறான். சில கடைகளில் வாடிக்கையாளருக்கு மெயில் ஐடி இல்லையென்றால் கடையின் ஐடியையே போட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது. ஆனால் அந்தத் தளம் நாளை மேஜிக் லிங்க்குக்கு மாறினால், ஊரில் பாதிப் பேரின் கணக்கு அந்தக் கடைக்காரருடையதாகிவிடும். 2025 ஜனவரி 30இல் 161 சேவைகளோடு ஆந்திர அரசு தொடங்கிய மன மித்ர வாட்ஸ்அப் சேவைக்கும் இது பொருந்தும். அங்கே வாட்ஸ்அப் நம்பர்தான் வாசல். அந்த வாட்ஸ்அப்பையே முதலில் திறந்தது ஒரு ஆறு இலக்க எண், அதை யார் போட்டுக் கொடுத்தார்களோ!

இரண்டே இரண்டு கோரிக்கை

லாகின் கட்டுகிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, செய்தியை நம் மொழியில் அனுப்புங்கள். ஏன் ஆங்கிலத்தில் வருகிறது என்றால் காசுக் கணக்கு ஒரு காரணம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து பிடிக்கும். தமிழோ தெலுங்கோ 70 இடம்தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. ஆனால் "ரூ.5000 கட்ட எண் 482913. யாரிடமும் சொல்லாதீர்கள்." என்ற வாசகம் 49 இடத்தில் முடிந்துவிடுகிறது. எதற்கான எண் என்பது முதலில், எண் பிறகு, எச்சரிக்கை கடைசியில். வெறுமனே "ஓடிபி" என்று வந்தால் தரிசன டிக்கெட்டுக்கா, வங்கிக் கணக்குக்கா என்று ஸ்டூலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஐந்தாயிரம் என்று படித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

இரண்டு, உதவுகிறவருக்கு ஒரு கணக்கு கொடுங்கள். "என் சார்பில் இந்த ஒரு வேலையை இவர் செய்யலாம், இன்று மட்டும்" என்று நான் அனுமதி கொடுக்க, அவர் தன் பெயரில் நுழைந்து செய்துவிட்டுப் போகட்டும். எழுதுவதற்குக் கஷ்டமான நிரல் ஒன்றும் இல்லை. அலுவலக மென்பொருட்களில் மேலாளர் லீவில் போனால் வேறொருவர் கையெழுத்திட வழி வைத்திருக்கிறோம். அதை ஊருக்கும் வைக்கலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஓடிபியைச் சொல்வதற்கு முன் எதற்கு வந்தது என்று முழுச் செய்தியையும் படிக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் போய்க் கேட்காமல் வந்த எண் என்றால், கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். பழைய நம்பரை வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிடுங்கள். நெட் சென்டரில் எழுந்திருக்கும் முன் லாக் அவுட். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930க்குப் போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

"யாரிடமும் சொல்லாதே" என்று எழுதிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று கட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். சொல்லாமல் வேலை நடக்காத இடத்தில் அந்த வரி பாதுகாப்பு ஆகாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் பழியை அந்தப் பெரியவர் தலையில் கட்டத்தான் அது உதவும்.